நூலகத்துல பாட்டு, கூத்து, பொம்மலாட்டம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டுல ஒரு கிளை நூலகத்துலயோ ஊர்ப்புற நூலகத்துலயோ வாசகர் வட்டம் (நூலகத்துக்கு வர்ற வாசகர்கள் சேர்ந்து நடத்துற குழு) மூலமா கலை நிகழ்ச்சி நடத்தணும்னு நினைக்கிறவங்க, சும்மா வந்து பாக்கலாமான்னு யோசிக்கிறவங்க, ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம். நான் எங்க ஊர் கிளை நூலகத்து வாசகர் வட்டத்துல இருக்கேன், அதனால இங்க சொல்றது எல்லாம் ரெண்டு மூணு ரூம், ஒரு வராண்டா, முன்னாடி கொஞ்சம் மண் தரை இருக்குற நூலகத்தை வச்சு தான், பெரிய ஏசி ஆடிட்டோரியத்தை வச்சு இல்ல.

நூலகம் படிக்கிற இடம் தானே, அங்க எதுக்கு பாட்டும் கூத்தும்?

இந்தக் கேள்வி தான் முதல்ல வரும், வரணும் கூட. நூலகத்தோட வேலை என்னன்னு இந்திய நூலகவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். அரங்கநாதன் 1931லயே அஞ்சு விதியா எழுதி வச்சுட்டாரு. அதுல ஒண்ணு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். இன்னொண்ணு, ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர். இப்போ நம்ம ஊர்ல எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுற ஒரு பாட்டி இருக்காங்கன்னு வச்சுக்கோங்க, அவங்களுக்கு முத்துப்பட்டன் கதையும் நல்லதங்காள் கதையும் மொத்தமா மனப்பாடமா தெரியும், ஆனா நூலகத்து வாசப்படி ஏறினதே இல்ல. வில்லுப்பாட்டு நடக்குதுன்னா அவங்க வருவாங்க, பேரனையும் இழுத்துட்டு வருவாங்க, அந்தப் பேரன் போகும்போது ஒரு மெம்பர்ஷிப் ஃபாரம் எடுத்துட்டுப் போவான். நம்ம ஊர் கதைகள்ல பாதி புத்தகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான வருஷம் பாட்டாவும் ஆட்டமாவும் தான் இருந்துச்சு, அதைக் கேக்குறதும் படிக்கிறதோட ஒரு பகுதின்னு தான் நான் உறுதியா நம்புறேன்.

இன்னொரு சந்தோஷமான விஷயமும் சொல்லணும். அரங்கநாதன் பிறந்தது சீர்காழியில, 1892ல. தமிழிசை மூவர்னு நாம சொல்ற முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூணு பேரையும் சீர்காழி மூவர்னு தான் கூப்பிடுவாங்க. நூலகமும் பாட்டும் ஒரே ஊரோட சேர்ந்து பேசப்படுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

நிகழ்ச்சிக்கு டிக்கெட் உண்டா? மெம்பரா இருக்கணுமா?

டிக்கெட் கிடையாது, மெம்பரா இருக்கணும்னும் இல்ல. வீட்டு வரி கட்டுறீங்கல்ல, அதோட நூலக வரின்னு 10 சதவீதம் சேர்த்துத் தான் வாங்குறாங்க. 1948ல சென்னை மாகாணத்துல வந்த பொது நூலகச் சட்டத்துல இருந்து வர்ற ஏற்பாடு இது, சுதந்திர இந்தியாவுல இந்த மாதிரி சட்டம் கொண்டு வந்த முதல் மாநிலம் நம்மது. அதனால நீங்க ஏற்கனவே காசு கொடுத்துட்டீங்க, வாடகை வீட்டுல இருந்தாலும் அந்த வரி உங்க வாடகைக்குள்ள தான் இருக்கு. உரிமையோட வாங்க.

வருஷத்துல எந்த மாசம் என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?

இது தான் முக்கியமான கேள்வி, இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். பல பேரு இங்கிலீஷ் காலண்டரை எடுத்து வச்சு, மாசத்துக்கு ஒரு ப்ரோக்ராம்னு கோடு போட்டு நிரப்பப் பாக்குறாங்க. அது ஓடாது. பாக்கணும்னா மூணு காலண்டர் பாக்கணும்: பள்ளிக்கூட லீவு எப்போ, மழை எப்போ, கலைஞர்களுக்கு வேலை இல்லாத மாசம் எப்போ. இந்த மூணாவதைத் தான் யாருமே பாக்கறதில்ல.

ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் பள்ளிக்கூடம் லீவு, இது பசங்களோட சீசன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள்ல தொடங்கிடுங்க. ஆனா வெயில் இருக்கே, அதனால காலையில பத்து பத்தரைக்குள்ள முடியுற மாதிரி, இல்லன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல. ஓவியம், காகித மடிப்பு, களிமண், காகிதக் கூழ்ல முகமூடி, கதை சொல்றது, சின்ன நாடகம், இதெல்லாம் நல்லா போகும். ஒரே நாள்ல முடிச்சுடாம ஒரு வாரம் தொடர்ச்சியா வச்சு, கடைசி நாள் பசங்களே ஒரு நாடகம் போடுற மாதிரி பண்ணுங்க, அப்போ தான் அப்பா அம்மாவும் வருவாங்க.

ஆடி மாசம், அதாவது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், கல்யாணம் பெரும்பாலும் இருக்காது. நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவங்களுக்குக் கல்யாண வேலை குறைஞ்சு போற மாசம் இது. ஆகஸ்ட் 12 அரங்கநாதன் நினைவா தேசிய நூலகர் தினம், அதுவும் சரியா ஆடிக்குள்ள தான் வருது. அன்னைக்கு ஒரு நாதஸ்வர விளக்க நிகழ்ச்சி வச்சீங்கன்னா அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்ல கலைஞர் கிடைப்பாங்க. ஆனா அதே ஆடியில பம்பை, உடுக்கை, பறை, கரகம் இவங்களை எல்லாம் கூப்பிடாதீங்க, அம்மன் கோயில் திருவிழா மாசம் அது, அவங்க வருமானமே அப்போ தான்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம், காலாண்டு லீவும் புரட்டாசியும் நவராத்திரியும் ஏறக்குறைய ஒண்ணா வரும். பொம்மைக்கு ஏத்த நேரம். கொலு வைக்கிறவங்க வீட்டுக்குள்ள வச்சுக்கட்டும், நூலகத்துல பொம்மலாட்டம் வைக்கலாம், பசங்களுக்குப் பொம்மை செய்யச் சொல்லித் தரலாம்.

நவம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம். எல்லா நூலகத்துலயும் ஏதாச்சும் நடக்கும், பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புத்தகக் கண்காட்சின்னு. ஆனா அது வடகிழக்குப் பருவமழை உச்சத்துல இருக்குற நேரம், வெளியில மேடை போட்டு ஏமாந்தவங்க நிறைய. உள்ளேயே நடக்குற கலையா பாத்து வைங்க. தோல்பாவைக் கூத்து இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், அதுக்கு இருட்டு ரூம், ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு போதும், வெளியில மழை கொட்டினாலும் உள்ள ராமாயணம் ஓடிட்டு இருக்கும்.

மார்கழி, டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும், பாட்டு மாசம். இதுக்குத் தனியா கீழ சொல்லியிருக்கேன். அப்புறம் தை பொறந்தா பொங்கல் விழா. அதோட கலைஞர்களை விட்டுடுங்க, தையில இருந்து அவங்களுக்கு ஊர் ஊரா வேலை இருக்கும். மாசி, பங்குனியில பசங்களுக்குப் பரீட்சை வேற. அந்த ரெண்டு மாசம் நூலகம் அமைதியா இருக்கட்டும்.

சித்திரை வைகாசியில தானே கூத்து நடக்கும், அப்போ நூலகத்துலயும் கூத்து வைக்கலாமே?

சரியா கேட்டீங்க. வட மாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து எல்லாம் பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் தான் நடக்கும். அந்த நாள்ல ஒரு குழு ராத்திரி முழுக்க ஆடிட்டு, காலையில அடுத்த ஊருக்கு வண்டி ஏறும். நடுவுல நம்ம நூலகத்துக்கு ஒரு மணி நேரம் வாங்கன்னு கூப்பிட்டா, நல்ல குழு வராது, வந்தாலும் தூக்கக் கண்ணோட வருவாங்க. அதே குழுவுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில ஆட்டம் ரொம்பக் கம்மி, அப்போ வேற கூலி வேலைக்குப் போற கலைஞர்கள் நிறைய பேரு. அந்த நேரத்துல ஒரு மாவட்டத்துல நாலஞ்சு நூலகம் சேர்ந்து பேசி ஒரு குழுவை ஒரு வாரம் கூப்பிட்டா, அவங்களுக்கு ஒரு வார வருமானம், நமக்கும் பயணச் செலவு பங்கு போட்டு குறைஞ்சுடும். எனக்கு இதுல ரொம்ப அக்கறை இருக்கு, ஏன்னா அரசாங்க வரிப்பணத்துல நடக்குற ஒரு இடம் கலைஞர்களுக்கு எப்போ தேவையோ அப்போ தான் கதவைத் திறக்கணும், நமக்கு வசதியான தேதியில இல்ல.

மார்கழின்னா சபா கச்சேரி மாதிரியா? சாமி பாட்டு மட்டும் தானா?

ரெண்டும் இல்ல. சென்னையில மியூசிக் அகாடமி 1928ல வந்ததுல இருந்து டிசம்பர் சீசன்னு ஒண்ணு வளர்ந்து, 2017ல யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம்னு சேர்த்துக்கற அளவுக்கு வந்திருக்கு. அதுக்குப் பெருமைப்படலாம். ஆனா நம்ம நூலகத்துக்கு வர்ற பலருக்கு அந்த சபா வாசல் ரொம்ப தூரம். அதனால நூலக மார்கழி வேற மாதிரி இருக்கணும்: ரெண்டரை மணி நேரக் கச்சேரி வேணாம், முக்கால் மணி நேரம் பாட்டு, அரை மணி நேரம் கேள்வி பதில். ராகம்னா என்ன, தவில்காரர் விரல்ல போட்டிருக்குற கூடு என்ன, நாதஸ்வரத்தோட சீவாளி எப்படி செய்யறாங்கன்னு பசங்க கேப்பாங்க, அந்தக் கேள்வி தான் நிகழ்ச்சியோட சிறப்பே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022லயும் கடம் செய்யுற மானாமதுரையோட மண்பாண்டத்துக்கு 2023லயும் புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்த வாத்தியங்களைக் கையில வாங்கிப் பாக்க ஒரு பையனுக்கு வேற எங்க சான்ஸ் கிடைக்கும்?

சாமி பாட்டு விஷயம். நூலகம் எல்லாருக்கும் பொதுவான இடம், அதனால ஒரே மதத்துப் பாட்டா வருஷம் முழுக்க வைக்கக் கூடாதுங்கறதுல எங்க வாசகர் வட்டம் ரொம்ப உறுதியா இருக்கு. ஆனா தமிழ்ப் பாட்டுல பக்தியை எடுத்துட்டா பாதி காணாம போயிடும், அதனால எல்லாத்தையும் இலக்கியமா, இசையா வைக்கிறோம். திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபது, கூடவே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரோட கிறிஸ்தவக் கீர்த்தனை, குணங்குடி மஸ்தான் சாகிபோட சூஃபிப் பாட்டு, சித்தர் பாட்டு, கூடவே வயல்ல பாடுற நடவுப் பாட்டு, தாலாட்டு. இதெல்லாம் ஒரே சாயங்காலத்துல அடுத்தடுத்து கேட்டா தமிழ்ல எவ்ளோ இருக்குன்னு புரியும், டிசம்பர்ல கிறிஸ்மஸும் வர்றதால இது இயல்பாவே சேரும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்குத் தொந்தரவு இல்லையா?

இருக்கும். இதை மறைச்சுப் பேச முடியாது. இன்னைக்கு கிளை நூலகத்துக்குப் போனா உக்காந்திருக்குறவங்கள்ல நிறைய பேரு டிஎன்பிஎஸ்சி, போலீஸ், பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற பசங்க. வீட்டுல ஒரே ரூம், டிவி ஓடும், தம்பி தங்கச்சி சத்தம், அவங்களுக்கு அமைதியா ஒரு மேசை கிடைக்கிற ஒரே இடம் நூலகம் தான். அந்த மேசையைப் பிடுங்கி அங்க மேடை போடறது அநியாயம், எவ்ளோ நல்ல கலையா இருந்தாலும் சரி.

அதனால நாங்க சில பழக்கம் வச்சிருக்கோம். குரூப் 2, குரூப் 4 எக்ஸாம் தேதி அறிவிச்சதும் அதுக்கு முன்னாடி ஒரு மாசம் சத்தமான நிகழ்ச்சி எதுவும் கிடையாது. மத்த நேரத்துல நிகழ்ச்சி தேதியை ரெண்டு வாரம் முன்னாடியே படிக்கிற ரூம் கதவுலயே ஒட்டிடுவோம். முடிஞ்ச வரைக்கும் படிக்கிற நேரத்துக்கு வெளியில வைப்போம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார லீவு, நூலகர் சம்மதிச்சு மேல அனுமதியும் கிடைச்சா முன் முற்றத்தை மட்டும் அன்னைக்கு சாயங்காலம் பயன்படுத்தலாம், ஆனா அது அவங்களோட ஓய்வு நாள், அதனால அடிக்கடி கேக்காதீங்க. அப்புறம் அந்தப் படிக்கிற பசங்களையே நிகழ்ச்சி நடத்தச் சேர்த்துக்கிட்டோம், பாதி பேருக்கு நல்லாப் பாட வரும், பேச வரும். தமிழ் இலக்கியமும் தமிழ்நாட்டுப் பண்பாடும் அவங்க சிலபஸ்லயே இருக்கு, வில்லுப்பாட்டு எந்த ஊர்க் கலை, அதுல என்னென்ன வாத்தியம்னு புக்குல மனப்பாடம் பண்றதை நேர்ல பாத்தா மறக்காது.

யாருகிட்ட அனுமதி வாங்கணும்?

முதல்ல நூலகர். அவங்க மனசு வச்சா தான் எதுவும் நடக்கும், அவங்களை வெறும் சாவி வச்சிருக்குறவங்க மாதிரி நடத்தாதீங்க, திட்டம் போடும்போதே கூட உக்கார வைங்க. அவங்க மூலமா மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு லெட்டர், அதுல தேதி, நேரம், யார் வர்றாங்க, எவ்ளோ பேரு வருவாங்க, மைக் உண்டா, செலவு யாருது எல்லாம் தெளிவா எழுதிடுங்க. வாசகர் வட்டம் பேர்ல போனா நல்லது, தனி ஆள் பேர்ல போறதை விட. வாசகர் வட்டமே பேருக்கு மட்டும் இருக்குன்னா முதல்ல அதை உயிர்ப்பிங்க, மாசம் ஒரு கூட்டம், பத்து பேரு போதும்.

மைக் செட் வைக்கலாமா?

வெளியில ஸ்பீக்கர் கட்டணும்னா போலீஸ் ஸ்டேஷன்ல அனுமதி வாங்கணும். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுத்தி 100 மீட்டர் வரைக்கும் அமைதி மண்டலமா அறிவிக்கலாம். நம்ம நூலகங்கள்ல பலது பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருக்கு, அதைக் கவனிச்சுக்கோங்க.

என் கருத்து கேட்டா, நூறு பேருக்குக் கீழ உள்ள கூட்டத்துக்கு மைக்கே வேணாம். நாதஸ்வரமும் தவிலும் தெருவுக்கும் கோயில் பிரகாரத்துக்கும்னு உருவான வாத்தியம், அதை சின்ன ரூம்ல மைக் போட்டு வாசிச்சா காது வலிக்கும், வராண்டாவுலயோ முன் முற்றத்துலயோ மைக் இல்லாம வாசிச்சா தெருவே கேக்கும். வீணை, புல்லாங்குழல் மாதிரி மெல்லிசான வாத்தியத்துக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

பறையாட்டம் வைக்க நூலகம் சரியான இடமா?

நல்ல இடம், ஆனா வெளியில. பறைத் தோலை நெருப்புல காய்ச்சினா தான் சத்தம் ஏறும், அதுக்கு வைக்கோலோ காகிதமோ எரிக்கணும். புத்தகம் இருக்குற கட்டடத்துக்குப் பக்கத்துல நெருப்பு கூடாது, அதனால முன்னாடியே இடம் பாத்து, ரெண்டு வாளி தண்ணி வச்சு, அந்தக் காய்ச்சுறதையும் நிகழ்ச்சியோட பகுதியா பசங்களுக்குக் காட்டுங்க. சாவு வீட்டுக்கு மட்டும்னு ஒதுக்கி வச்ச கலைன்னு சில பேரு முகம் சுளிப்பாங்க. நூலகத்து முற்றத்துல அதை மரியாதையோட வைக்கணும்னு நான் விரும்புறதுக்கு அதுவும் ஒரு காரணம், கலைஞரை நாற்காலியில உக்கார வச்சு அவர் வாயாலயே அடிகளோட பேரைச் சொல்லச் சொல்லுங்க.

கலைஞர்களை எங்க தேடுறது?

கலை பண்பாட்டுத் துறையோட மாவட்ட அரசு இசைப் பள்ளி பக்கத்துல இருந்தா முதல்ல அங்க போங்க. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்க சொல்லித் தர்றாங்க, மாணவர்களுக்கும் மேடை வேணும். பசங்க ஓவியம், நடனம்னா ஜவகர் சிறுவர் மன்றம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்துல பதிவு பண்ணின கலைஞர்கள் எல்லா மாவட்டத்துலயும் இருக்காங்க. தஞ்சாவூர்ல தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கு. ஆனா நிஜமா சொல்லணும்னா இதை எல்லாத்தையும் விட நல்ல வழி உங்க ஊர் கோயில் திருவிழாவுல வாசிக்கிறவரைக் கேக்கறது, சர்ச்சுல கொயர் நடத்துறவரைக் கேக்கறது, நூறு நாள் வேலைக்குப் போற அக்காங்களைக் கேக்கறது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிஞ்சவங்க பக்கத்துத் தெருவுலயே இருப்பாங்க, இதுவரைக்கும் அவங்களைக் கலைஞர்னு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

கலைஞர்களுக்குப் பணம் கொடுக்கணுமா? பொன்னாடை போத்தி மரியாதை பண்ணினா போதாதா?

பணம் கொடுக்கணும். இதுல ரெண்டு பேச்சு வேணாம். பொன்னாடையை வச்சு யாரும் அரிசி வாங்க முடியாது. பல இடத்துல ஃப்ளெக்ஸ் பேனர், மொமெண்டோ, சால்வை, சிறப்பு விருந்தினருக்கு டிபன்னு செலவு பண்ணிட்டு, ஆடினவருக்குக் கடைசியா ஒரு கவர்ல ஏதோ கொடுத்து அனுப்பறாங்க. அதைத் திருப்பிப் போடுங்க. ஒரு கோயில் திருவிழாவுக்கு நீங்க எவ்ளோ வாங்குவீங்கன்னு நேரா கேளுங்க, அதுல இருந்து பேச ஆரம்பிங்க, பஸ் காசும் சாப்பாடும் தனி, குழுவுல எத்தனை பேருன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, அட்வான்ஸ் கொடுங்க, நிகழ்ச்சி முடிஞ்ச அன்னைக்கே மீதியைக் கொடுத்துடுங்க. பணம் கம்மியா இருந்தா நிகழ்ச்சி எண்ணிக்கையைக் குறைங்க, கலைஞர் கூலியைக் குறைக்காதீங்க. வருஷத்துக்கு நாலு நல்ல நிகழ்ச்சி போதும்.

அந்தப் பணம் எங்க இருந்து வரும்?

நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய் புத்தகம், பத்திரிகை, கட்டடம்னு செலவாகுது, அதுல இருந்து ஒவ்வொரு கிளை நூலகக் கலை நிகழ்ச்சிக்கும் பணம் எதிர்பாக்க முடியாது. எங்க அனுபவத்துல ஓடுறது ஊர்க்காரங்க கொடுக்கறது தான். மளிகைக் கடை, டெய்லர், ரிட்டயர்டு டீச்சர், வெளிநாட்டுல இருக்குற பழைய வாசகர், ஆளுக்குக் கொஞ்சம். எழுதி வச்சு, கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், அது ரொம்ப முக்கியம், ஒரு தடவை கணக்கு ஒட்டினீங்கன்னா அடுத்த தடவை கேக்காமலே கொடுப்பாங்க. ஆயிரம் ரூபாய் கட்டி புரவலரா சேர்றது நூலகத்துக்குப் போற பணம், அதை இதோட கலக்காதீங்க. கட்சிக்காரங்க பணம் வாங்கினா பேனர்ல படம் போடச் சொல்லுவாங்க, அதனால நாங்க வாங்கறதில்ல.

சினிமா பாட்டு பாடலாமா? காப்பிரைட் பிரச்சினை வருமா?

1957 காப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, தொழில்முறை இல்லாத ஒரு குழு, பாக்க வர்றவங்ககிட்ட காசு வாங்காம பாடினா, நடிச்சா அது மீறல் இல்ல. நம்ம ஊர்ப் பசங்க நூலகத்துல சும்மா பாடறது அதுல அடங்கும். காசு கொடுத்து ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட்டா லைசென்ஸ் விஷயம் வேற மாதிரி, அதைத் தனியா விசாரிச்சுக்கோங்க. படம் போட்டுக் காட்டறதுக்கும் உரிமை வச்சிருக்குறவங்ககிட்ட கேக்கணும்.

இந்தக் கவலையே வேணாம்னா நம்மகிட்ட எவ்ளோ பாட்டு இருக்கு! எழுதினவர் இறந்து 60 வருஷம் முடிஞ்சா அந்தப் பாட்டு எல்லாருக்கும் பொது. கோபாலகிருஷ்ண பாரதி, அருணாசலக் கவிராயர், தியாகராஜர் எல்லாம் அதுக்குள்ள வந்துட்டாங்க. பாரதியார் எழுத்தை 1949லயே அரசாங்கம் வாங்கி அப்புறம் மக்களுக்கே கொடுத்துடுச்சு, பாரதிதாசன் எழுத்தும் நாட்டுடைமை. ஆனா மெட்டு போட்டவர் வேற ஆளா இருந்தா அந்த மெட்டுக்குத் தனி உரிமை உண்டு, பசங்களையே புதுசா மெட்டுப் போடச் சொல்லுங்க, அதுவே ஒரு நிகழ்ச்சி ஆயிடும்.

ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடலாமா?

கலைஞர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டு மட்டும். சில குழுக்கள் முழு கதையும் இணையத்துல போயிட்டா அடுத்த ஊர்ல கூப்பிட மாட்டாங்கன்னு பயப்படுவாங்க, அது நியாயமான பயம். அஞ்சு நிமிஷத் துண்டு போடலாமான்னு கேளுங்க. பசங்க முகம் தெரியுற வீடியோன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும். நூலகத்துக்குள்ள வச்சுக் கேக்கறதுக்கு மட்டும் ஒரு காப்பி கொடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் சரின்னு சொல்லுவாங்க, அதுல அவங்க பேர், ஊர், குருநாதர் பேர் எல்லாம் எழுதி வைங்க.

கைக்குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?

கண்டிப்பா வாங்க. அழுதா வராண்டாவுக்குப் போயிட்டுத் திரும்ப வாங்க, யாரும் முறைக்க மாட்டாங்க. கூத்துல வேஷக்காரர் கத்தினா சின்னக் குழந்தைங்க பயப்படும், அதனால ஆட்டத்துக்கு முன்னாடி வேஷம் கட்டறதை, முகத்துல வண்ணம் பூசறதை அவங்களுக்குக் காட்டிடுவோம், அப்புறம் பயமே இருக்காது.

வயசானவங்க, சக்கர நாற்காலியில வர்றவங்க, பார்வை இல்லாதவங்க?

முதல் வரிசை அவங்களுக்குத் தான். படிக்கட்டு மட்டும் இருக்குற நூலகத்துல உள்ள வைக்காம முற்றத்துல வைங்க, எல்லாரும் சமமா உக்காரலாம். பார்வை இல்லாதவங்களுக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பாவைக் கூத்துல என்ன நடக்குதுன்னு மெல்லச் சொன்னா போதும், வாத்தியத்தை முன்னாடியே தொட்டுப் பாக்க விடுங்க. கழிப்பறை திறந்திருக்கான்னு நிகழ்ச்சிக்கு முன்னாடி போய்ப் பாருங்க, பெண்கள் வர்றதும் வராததும் பல நேரம் இதுல தான் இருக்கு.

நிகழ்ச்சிக்கு அப்புறம் யாராச்சும் புத்தகம் எடுக்கறாங்களா?

வழியில வச்சா எடுப்பாங்க. நிகழ்ச்சி நடக்குற இடத்துலயே ஒரு மேசை போட்டு, அந்தக் கலை சம்பந்தமா நூலகத்துல இருக்குற புத்தகத்தை எல்லாம் அலமாரியில இருந்து எடுத்து வச்சு, அங்கேயே பதிஞ்சு கொடுக்க நூலகர் சம்மதிச்சா, நாட்டுப்புறப் பாட்டுத் தொகுப்பு, ராஜா ராணி கதை எல்லாம் அன்னைக்கே போயிடும். நா. வானமாமலை மாதிரி ஆளுங்க ஊர் ஊரா சேகரிச்ச கதைப்பாடல் தொகுப்பு பல நூலகத்துல தூசி படிஞ்சு கிடக்கு, வில்லுப்பாட்டு முடிஞ்ச கையோட அதே கதை அச்சுல இருக்குன்னு காட்டினா ஜனங்களுக்கு ஆச்சரியம் தாங்காது. நூலகத்துல இல்லாத பழைய புத்தகத்துக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு, அங்கேயே கம்ப்யூட்டர்ல திறந்து காட்டுங்க.

வேற ஊர்ல, வேற நாட்டுல இப்படி எல்லாம் நடக்குதா?

நடக்குது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல (2010ல திறந்தது) பொன்மாலைப் பொழுதுன்னு சனிக்கிழமை சாயங்கால நிகழ்ச்சி பல பேருக்குப் பழக்கம். மதுரையில 2023ல கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கு. சிங்கப்பூர்ல 2002ல எஸ்பிளனேட் அரங்கத்துக்குள்ளேயே நிகழ்த்துகலைக்குன்னு ஒரு பொது நூலகம் திறந்தாங்க, நியூயார்க்ல 1965ல இருந்தே லிங்கன் சென்டர்ல அப்படி ஒண்ணு இருக்கு. ஃபின்லாந்து நூலகங்கள்ல இசைக் கருவியையே இரவல் கொடுக்கறாங்க. நம்மாலயும் முடியும், ஒரு ஜோடி கைத்தாளம், ஒரு கஞ்சிரா, ஒரு புல்லாங்குழல், ஒரு பெட்டியில போட்டு நூலகத்துலயே வச்சு வாசிச்சுப் பாக்கக் கொடுக்கறதுக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்ல.

எங்க நூலகம் ஒரே ரூம் தான், எதுல ஆரம்பிக்கிறது?

தாலாட்டுல ஆரம்பிங்க. செலவே கிடையாது, மைக் வேணாம், மேடை வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெருவுல இருக்குற பாட்டிங்க, அம்மாங்களை நாலஞ்சு பேரைக் கூப்பிட்டு அவங்க வீட்டுத் தாலாட்டைப் பாடச் சொல்லுங்க, காலேஜ் படிக்கிற பசங்க ரெண்டு பேரு அதை எழுதி எடுக்கட்டும். எழுதினதை அழகா நகல் எடுத்து, பாடினவங்க பேரோட பைண்ட் பண்ணி நூலகத்துல கொடுத்துடுங்க. நூலகர்கிட்ட கேட்டு உள்ளூர்ப் பதிவுகள்னு அலமாரியில ஒரு தட்டு ஒதுக்கிக்கோங்க. அடுத்த தடவை வில்லுப்பாட்டுக்குக் காசு கேட்டுப் போகும்போது அந்த நோட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க.